வீட்டுக்கு வரும் பலகைக் கணினி: நிறையும் குறையும்

கைப்பேசி சட்டைப் பையில் இருக்கிறது. மடிக்கணினி மேசைமீது இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு காலத்தில் நாமெல்லாம் எழுதிப் பழகிய சிலேட்டின் வடிவில் ஒரு கருவி இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. கடைக்காரர் அதனை 'டேப்லெட்' என்கிறார். பிள்ளைகள் சுருக்கமாக 'டேப்' என்கின்றனர். நாம் பலகைக் கணினி என்போம்.

பாடம் படிக்க வேண்டும் என்று மகன் கேட்கிறான். வளைகுடாவில் பணிபுரியும் வாப்பாவின் முகத்தைப் பெரிய திரையில் பார்த்துப் பேச வேண்டும் என்று மகள் கேட்கிறாள். பார்வை மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும், திருக்குர்ஆன் ஓதுதலைக் கேட்கவும் இது வசதி என்கின்றனர். எல்லாம் உண்மையே. ஆனால் கடைக்குள் நுழைந்தால் சில ஆயிரம் ரூபாயிலிருந்து ஓர் இலட்சத்தைத் தாண்டும் விலை வரை கருவிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தானே சிறந்ததென்று கூவுகிறது. எதை நம்புவது?

அன்பிற்குரிய வாசகர்களே! இக்கேள்விக்கு விடை விளம்பரத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. 2010 முதல் 2012 வரையிலான மூன்றாண்டுகளில் உலகின் மாபெரும் நிறுவனங்கள் இக்கருவிக்காக ஒன்றோடொன்று மோதின. சில வென்றன. ஒன்று ஏழு வாரங்களுக்குள் கடையைக் கட்டியது. அந்தப் போட்டியில் எது ஏன் வென்றது, எது ஏன் வீழ்ந்தது என்பதை அறிந்துகொண்டால், உழைத்துச் சேர்த்த பணம் வீண்விரயம் ஆகாமல் தடுத்துக்கொள்ளலாம்.

நாற்பதாண்டுக் கனவு

பலகைக் கணினி என்னும் எண்ணமே ஆப்பிள் நிறுவனத்தில்தான் பிறந்தது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆலன் கே என்னும் அறிஞர், 1972ஆம் ஆண்டிலேயே 'டைனபுக்' என்ற பெயரில் ஒரு கணினியை எழுத்தில் வரைந்து காட்டினார். குறிப்பேட்டின் அளவில், சிறுவர்களும் தாமே இயக்கத்தக்கதாக அது இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனைச் செய்து முடிக்கும் ஆற்றல் அன்றைய தொழில்நுட்பத்திற்கு இல்லை.

1993இல் ஆப்பிள் 'நியூட்டன்' என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. நம் கையெழுத்தை அது தானே படித்துக்கொள்ளும் என்றார்கள். ஆனால் அது எழுத்துகளைத் தவறாகப் படித்தமையால் நகைப்புக்கு உள்ளாகி, 1998இல் கைவிடப்பட்டது. 2002இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இயங்கும் பலகைகளைக் கொண்டுவந்தது. மேசைக் கணினிக்கென, சுட்டியும் விசைப்பலகையும் கொண்டு இயக்குவதற்கென எழுதப்பட்ட மென்பொருளே அவற்றிலும் இருந்தது. சிறப்புப் பேனா இல்லாமல் எதுவும் நடவாது, எடையும் மிகுதி, விலையும் மிகுதி. அவை பரவலாக வீடுகளைச் சென்றடையவில்லை.

விரலுக்கென எழுதப்படாத மென்பொருளை விரலுக்கு முன்னால் வைத்தால் அது கருவியாகாது, சுமையாகும். இவ்வுண்மையை முதலில் செயலில் காட்டியதுதான் ஐபேடின் வெற்றி.

ஐபேட்: எளிமையின் வெற்றி, பூட்டிய கதவு

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கியது. 28 நாட்களில் பத்து இலட்சம் கருவிகள் விற்றன. திரை 9.7 அங்குலம், எடை 680 கிராம், தொடக்க விலை 499 டாலர். 2011 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 27,900 ரூபாய்.

அதன் நிறைகள் யாவை? முதலாவது, ஐஃபோனுக்கெனப் பண்படுத்தப்பட்ட தொடுதிரை மென்பொருளையே அதுவும் பெற்றிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூடச் சில நிமிடங்களில் இயக்கிவிடும். இரண்டாவது, ஐஃபோனுக்கென முன்பே எழுதப்பட்டிருந்த 1,40,000 செயலிகளில் ஏறத்தாழ அனைத்தும் அதில் இயங்கின. கடை திறந்த நாளிலேயே சரக்கு நிறைந்திருந்தது. மூன்றாவது, ஒருமுறை மின்னேற்றினால் பத்து மணி நேரம் உழைக்கும் என்ற வாக்குறுதியை அது காப்பாற்றியது.

குறைகளும் சிறியவை அல்ல. முதல் ஐபேடில் புகைப்படக் கருவி இல்லை. நினைவக அட்டை செருக வழியில்லை. பென் டிரைவ் பொருத்த இடமில்லை. அன்றைய இணையப் படக்காட்சிகள் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்த ஃபிளாஷ் மென்பொருளை ஆப்பிள் அனுமதிக்கவேயில்லை. செயலி எதுவாயினும் ஆப்பிளின் கடை வழியாகவே வரவேண்டும். மாளிகை அழகானது, ஆனால் சாவி உரிமையாளரிடம் இல்லை.

மற்றொரு குறையைக் காலம்தான் காட்டியது. 2010இல் அதை வாங்கியவர்களுக்கு, 2012 செப்டம்பரில் வெளிவந்த ஆறாம் பதிப்பு மென்பொருள் மறுக்கப்பட்டது. அதாவது, இரண்டரை ஆண்டுகூட நிறையவில்லை. ஆனால் 2011 மார்ச்சில் வந்த ஐபேட் 2, 2015இல் வெளியான ஒன்பதாம் பதிப்பு வரை பெற்றது. முதலாவதன் வேலை நினைவகம் 256 மெகாபைட். இரண்டாவதன் நினைவகம் 512 மெகாபைட். ஓராண்டு பொறுத்தவர்களுக்குப் புகைப்படக் கருவியும் கிடைத்தது. கூடுதல் ஆயுளும் கிடைத்தது. புதிய வகைக் கருவியின் முதற்பதிப்பை முந்திக்கொண்டு வாங்குவோர் இதைக் கருத்தில் கொள்ளட்டும்.

ஏழு அங்குலத்தின் வழக்கு

ஐபேடுக்கு முதல் வலுவான எதிரி கொரியாவிலிருந்து வந்தது. சாம்சங் நிறுவனம் 2010 செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் 'கேலக்ஸி டேப்' என்னும் 7 அங்குலக் கருவியை வெளியிட்டது. எடை 380 கிராம். ஒற்றைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் புகைப்படக் கருவிகள், நினைவக அட்டை, ஃபிளாஷ், பல நாடுகளில் தொலைபேசி அழைப்பு வசதி என, ஐபேடில் இல்லாதவை எல்லாம் அதில் இருந்தன.

பட்டியலில் இத்தனை நிறைகள் இருந்தும் அது ஐபேடை வெல்லவில்லை. ஏன்? அதில் இயங்கிய ஆண்டிராய்டு 2.2 கைப்பேசிக்கென எழுதப்பட்டது. பலகைக்கு ஏற்றவாறு அது செப்பனிடப்படவில்லை என்பதைக் கூகுள் நிறுவனத்தாரே அப்போது ஒப்புக்கொண்டனர். பெரிதாக்கப்பட்ட கைப்பேசி போலவே அது நடந்துகொண்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். திரையின் அளவு மூலைக்கு மூலை அளந்து சொல்லப்படுகிறது. ஆகையால் 7 அங்குலம், 9.7 அங்குலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு என்று நம் மனம் எண்ணிக்கொள்கிறது. பரப்பைக் கணக்கிட்டால் ஐபேடின் திரை சுமார் 45 சதுர அங்குலம்; கேலக்ஸி டேபின் திரை சுமார் 21 சதுர அங்குலம். பாதிக்கும் குறைவு! இதைச் சுட்டிக்காட்டியே ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 அக்டோபரில் ஏழு அங்குலக் கருவிகளை எள்ளி நகையாடினார். ஆனால் ஈராண்டுகள் கழித்து, அவர் மறைவுக்குப் பின், 2012 நவம்பரில் ஆப்பிளே 7.9 அங்குலத்தில் 'ஐபேட் மினி'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது நன்றாகவே விற்றது.

அப்படியாயின் வழக்கில் வென்றவர் யார்? இருவரும்தான். பாடநூலின் பக்கத்தை முழுமையாகப் பார்க்க வேண்டியவருக்குப் பெரிய திரையே தகும். பயணத்தில் கையில் ஏந்திப் படிப்பவருக்குச் சிறியதே தகும். அளவு என்பது தரத்தைக் குறிப்பதன்று, பயனைக் குறிப்பது.

2011இல் சாம்சங் 10.1 அங்குலக் கருவியையும் வெளியிட்டது. தன் வடிவத்தைப் பார்த்துச் செய்துவிட்டதாக ஆப்பிள் நீதிமன்றம் சென்றது. ஜெர்மனியில் அக்கருவியின் விற்பனைக்குத் தடை கிடைத்தது. 2012இல் இங்கிலாந்து நீதிபதி ஒருவரோ, சாம்சங் கருவிகளுக்கு ஆப்பிளின் கவர்ச்சி இல்லை, ஆகவே அவை நகல் அல்ல என்று தீர்ப்பளித்தார். வழக்கில் வெற்றி, ஆனால் வாங்கும் மக்களிடம் சொல்லிக்கொள்ளக் கூடிய பாராட்டா அது?

பெரும் பெயர்கள் கண்ட வீழ்ச்சி

இனி, வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். வீழ்ந்தவை பெயர் தெரியாத நிறுவனங்களின் கருவிகள் அல்ல.

அலுவலகத்தாரின் கைப்பேசி என்று உலகம் போற்றிய பிளாக்பெர்ரி, 2011 ஏப்ரலில் 'பிளேபுக்'கை வெளியிட்டது. 7 அங்குலம், 1 கிகாபைட் நினைவகம், உறுதியான கட்டமைப்பு, ஒரே நேரத்தில் பல செயலிகளை இயக்கும் திறன். கருவி என்ற அளவில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மின்னஞ்சலால் பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் பலகையில் மின்னஞ்சலுக்குச் சொந்தச் செயலி இல்லை! பிளாக்பெர்ரி கைப்பேசி வைத்திருந்து, அதனோடு இதை இணைத்தால்தான் அஞ்சலைப் படிக்கலாம். அக்குறை 2012 பிப்ரவரியில்தான் நீங்கியது. அதற்குள் சந்தை அவர்களைக் கடந்து சென்றுவிட்டது. விற்காமல் தேங்கிய பிளேபுக்குகளுக்காக 2011 டிசம்பரில் 48.5 கோடி டாலரை அந்நிறுவனம் நட்டமாக எழுத நேர்ந்தது.

எச்.பி. நிறுவனத்தின் கதை இதைவிட விரைவானது. 2010இல் பாம் நிறுவனத்தை 120 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கி, அதன் 'வெப்ஓஎஸ்' மென்பொருளைக் கொண்டு 'டச்பேட்' என்ற கருவியை 2011 ஜூலை 1 அன்று விற்பனைக்கு விட்டது. மென்பொருளின் நேர்த்தியை வல்லுநர்கள் பாராட்டினர். ஆனால் கருவி தடித்தது, கனத்தது, மந்தமாக இயங்கியது, செயலிகளும் குறைவு. விலை மட்டும் ஐபேடுக்குச் சமம். ஆகஸ்டு 18 அன்று உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. ஏழு வாரம்! மீதமிருந்தவை 99 டாலருக்குத் தள்ளிவிடப்பட்டபோது மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். முதல் வாரத்தில் 499 டாலர் கொடுத்தவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அந்த வெப்ஓஎஸ் இன்று எல்.ஜி. தொலைக்காட்சிகளில் இயங்குகிறது என்பது காலத்தின் விளையாட்டு.

மூன்றாவது, மைக்ரோசாஃப்டின் 'சர்ஃபேஸ் ஆர்டி'. 2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 உடன் வந்தது. தானே நிமிர்ந்து நிற்க ஒரு தாங்கி, யுஎஸ்பி துளை, உள்ளேயே வேர்டும் எக்செலும். எத்துணை நிறைகள்! ஆனால் விண்டோஸ் என்ற பெயரைக் கண்டு வாங்கியவர்கள், தாங்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திய விண்டோஸ் மென்பொருள்கள் ஒன்றும் அதில் இயங்கா என்பதை வீட்டுக்கு வந்த பின்னரே அறிந்தனர். 32 கிகாபைட் இடம் என்று சொல்லப்பட்டதில் ஏறத்தாழப் பாதியைக் கருவியின் சொந்த மென்பொருளே அடைத்துக்கொண்டது. 2013 ஜூலையில் இதன்பொருட்டு 90 கோடி டாலர் நட்டத்தை மைக்ரோசாஃப்ட் ஏற்றது. முழு விண்டோஸ் இயங்கும் 'சர்ஃபேஸ் புரோ' வரிசை மட்டும் நிலைத்து நின்றது.

இம்மூன்றிலும் திரையோ, மின்கலமோ, உலோகமோ பழுதில்லை. பழுது பின்னால் இருந்தது. செயலிகள் எழுதுவோர் திரும்பிப் பார்க்கவில்லை, நிறுவனம் பொறுத்திருக்கவில்லை. பலகைக் கணினியை வாங்குபவர் ஒரு பொருளை மட்டும் வாங்குவதில்லை. அதன் பின்னே நிற்கும் ஆதரவையும் சேர்த்தே வாங்குகிறார். ஆதரவு நின்றுபோனால் கண்ணாடிப் பலகைதான் மிச்சம்.

மலிவின் இரு முகங்கள்

விலை குறைந்தால் தரமும் குறைந்தே தீருமா? இதற்கு இரு விடைகள் உள்ளன.

அமேசான் 2011 நவம்பரில் 'கிண்டில் ஃபயர்' என்ற 7 அங்குலக் கருவியை 199 டாலருக்கு விற்றது. புகைப்படக் கருவி இல்லை, ஒலிவாங்கி இல்லை, 8 கிகாபைட் இடமே உண்டு. ஆண்டிராய்டைத் தன் விருப்பப்படி மாற்றி அமைத்திருந்ததால் கூகுளின் செயலிக் கடையும் அதில் கிடையாது. ஆனால் அமேசானின் நோக்கம் கருவியில் இலாபம் காண்பதன்று. நூலும் பாட்டும் படமும் விற்றுப் பின்னர் ஈட்டிக்கொள்வதே அதன் கணக்கு. வாசலில் கட்டணம் இல்லாத கண்காட்சிக்குள் ஒவ்வொரு கடையிலும் காசு கேட்பதைப் போன்றது இது. நூல் படிப்பவருக்கு இலாபம். மற்றவருக்கு அது ஒரு கடைவீதி.

2012 ஜூலையில் கூகுள், அசூஸ் நிறுவனத்தைக் கொண்டு 'நெக்சஸ் 7' கருவியைச் செய்து அதே 199 டாலருக்கு விற்றது. தெளிவான திரை, விரைவான இயக்கம், கூகுளின் முழுச் செயலிக் கடை. நினைவக அட்டைக்கு இடமின்மை ஒரு குறை. மலிவும் தரமும் சேர்ந்து வரக்கூடும் என்பதை அது மெய்ப்பித்தது.

மலிவின் மற்ற முகத்தை நம் நாட்டிலேயே கண்டோம். 2011 அக்டோபர் 5 அன்று தில்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' பலகைக் கணினியை வெளியிட்டார். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் 35 டாலரில் ஒரு கணினி என்பது கனவு. டேட்டாவிண்ட் நிறுவனம் அதனைச் செய்தது. நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 366 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 மெகாபைட் நினைவகமும் அன்றைய இணையப் பக்கங்களுக்கே போதவில்லை. திரையோ அழுத்தத்தை உணரும் வகை.

தொடுதிரைகள் இருவகை என்பதை இங்கே அறிந்துகொள்வது நலம். ஒருவகையில் இரு மெல்லிய தாள்கள் சிறு இடைவெளியுடன் இருக்கும். விரலோ நகமோ அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொட்டால்தான் இடம் பதியும். மற்றொரு வகையில் கண்ணாடியின் மேல் மெல்லிய மின்புலம் பரவியிருக்கும். விரல் பட்ட மாத்திரத்தில் அது மாறுபடுவதைக் கருவி உணரும். முதல்வகை மலிவு, ஆனால் அழுத்தி அழுத்திக் கை சலிக்கும். ஐபேட் கைக்கொண்டது இரண்டாம் வகை. ஆகாஷ் முதல்வகையோடு வந்தது. 2012 நவம்பரில் வந்த இரண்டாம் ஆகாஷில் திரையும் வேகமும் திருத்தப்பட்டன. ஆயினும் திட்டம் எண்ணிய உயரத்தை எட்டவில்லை. மாணவனுக்கு வேண்டியது மலிவான கருவி மட்டுமன்று, பயன்படும் கருவி.

இன்றைய களம்

போட்டியின் புழுதி அடங்கிய பின் இன்று மூன்று குடும்பங்கள் களத்தில் நிற்கின்றன. ஆப்பிளின் ஐபேட் ஒன்று. சாம்சங், லெனோவா, ஷியோமி முதலிய நிறுவனங்களின் ஆண்டிராய்டுக் கருவிகள் மற்றொன்று. விசைப்பலகையைக் கழற்றி மாட்டும் விண்டோஸ் கருவிகள் மூன்றாவது.

ஐபேடின் தலையாய நிறை நீண்ட ஆயுள். ஆண்டுக்கணக்கில் மென்பொருள் புதுப்பிப்புகள் வருகின்றன. பழைய கருவிக்கும் மறுவிற்பனையில் நல்ல விலை உண்டு. பலகைக்கென எழுதப்பட்ட தரமான செயலிகளும் அதில் மிகுதி. குறைகள்: நினைவக அட்டை இன்றும் இல்லை, எழுதுகோலும் விசைப்பலகையும் தனி விலை. வாட்ஸ்அப் நிறுவனம் ஐபேடுக்கெனத் தனிச் செயலி தந்தது 2025 மே மாதத்தில்தான். கூட்டல் கழித்தல் போடும் சாதாரணக் கணக்குச் செயலிகூட 2024இல்தான் அதில் சேர்ந்தது என்றால் வியப்பாக இல்லையா?

ஆண்டிராய்டின் தலையாய நிறை, தெரிவு. எல்லா விலையிலும், எல்லா அளவிலும் கருவி உண்டு. பலவற்றில் நினைவக அட்டை செருகலாம். சாம்சங்கின் உயர்வகைக் கருவிகளில் எழுதுகோல் பெட்டியிலேயே வருகிறது. குடும்பங்களுக்கு முக்கியமான வேறொரு நிறையும் உண்டு. 2012இல் வந்த ஆண்டிராய்டு 4.2 முதல், ஒரே பலகையில் தந்தை, தாய், பிள்ளை எனப் பலர் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி கூகுளால் தரப்பட்டது. வீட்டு ஐபேடிலோ ஒருவருக்கே கணக்கு. ஒரு கருவியை நால்வர் பகிரும் இல்லத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. குறை என்னவெனில், மலிவான கருவிகள் பலவற்றுக்குப் புதுப்பிப்பு விரைவில் நின்றுவிடுகிறது. கேலக்ஸி டேப் எஸ்10 போன்ற உயர்விலைக் கருவிகளுக்கு ஏழாண்டு ஆதரவு என்று சாம்சங் உறுதி கூறியிருக்கிறது. ஆயினும் அவ்வுறுதி எல்லா வகைக்கும் பொருந்தாது.

விண்டோஸ் கருவி, கணினியின் முழுப் பணியையும் செய்யும். கடைக்கணக்குக்கு டேலி, அலுவலகத்துக்கு எக்செல், கல்லூரிக்குக் கட்டுரை என்று உழைக்க வேண்டியோருக்கு இதுவே ஏற்றது. ஆனால் விலை கூடுதல், எடை கூடுதல், படுத்துக்கொண்டே நூல் படிப்பதற்கு இது உகந்ததன்று.

தமிழைப் பொறுத்தவரை ஒரு நற்செய்தி. தொடக்கக் கால ஆண்டிராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தன. ஐபேடில் தமிழ் விசைப்பலகை 2013இல் வந்தது. இன்று முக்குடும்பங்களிலும் தமிழைப் படிக்கவும் எழுதவும் தடையில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

கடைக்காரர் சொல்வதைக் கேட்பதோடு, நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

முதலில், யாருக்கு, எதற்கு? பார்ப்பதும் படிப்பதும் கேட்பதும் மிகுதியாயின் பலகைக் கணினி சிறந்தது. எழுதுவதும் கணக்கிடுவதும் மிகுதியாயின் மடிக்கணினியே மேல். பத்துப் பக்கக் கட்டுரையைக் கண்ணாடியில் தட்டித் தட்டி எழுதும் கல்லூரி மாணவன் மூன்றாம் பக்கத்திலேயே சோர்ந்துவிடுவான். விசைப்பலகையைத் தனியே வாங்கிச் சேர்த்தால் விலை மடிக்கணினியை எட்டிவிடக்கூடும், கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, இது எந்த ஆண்டில் வெளிவந்த கருவி, புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை? கடையில் புதிதாக இருப்பது மூன்றாண்டுப் பழைய வகையாகவும் இருக்கலாம். ஐந்தாண்டு உழைக்கும் 30,000 ரூபாய்க் கருவிக்கு ஆண்டுச் செலவு 6,000. ஓராண்டில் மந்தமாகிப் பெட்டிக்குள் போகும் 9,000 ரூபாய்க் கருவிக்கு ஆண்டுச் செலவு 9,000. எது மலிவு?

மூன்றாவது, வேலை நினைவகமும் சேமிப்பிடமும் எவ்வளவு? முதல் ஐபேடும் ஆகாஷும் தந்த பாடம் இது. அறிவிக்கப்பட்ட சேமிப்பிடத்தில் கருவியின் சொந்தப் பங்கு போக மீதி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

நான்காவது, சிம் அட்டை இடம் உண்டா? இல்லையேல் வைஃபை உள்ள இடத்தில்தான் இணையம். வீட்டில் வைஃபை இல்லாதோர் கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, பழுதுபார்க்குமிடம் எங்கே? மின்கலம் உள்ளே வைத்து மூடப்பட்டிருப்பதால் வீட்டில் மாற்ற இயலாது. வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் வாங்கிவரும் கருவியாயின், அதன் உத்தரவாதம் இந்நாட்டில் செல்லுமா என்பதை அங்கேயே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

ஆறாவது, பழைய கருவியாயின் பூட்டு நீக்கப்பட்டதா? 2013 முதல் ஐபேடிலும், 2015 முதல் ஆண்டிராய்டிலும் முந்தைய உரிமையாளரின் கணக்கோடு கருவி பூட்டப்பட்டிருக்கும். திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் விற்பவர் தம் கணக்கை நீக்காமல் கொடுத்தால், வாங்கியவர் கையில் அது திறவாத பெட்டி. பணம் கொடுக்குமுன் கருவியை முழுமையாக அழித்து, உங்கள் கணக்கில் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கருவி வந்த பிறகு

எந்தக் கருவியை வாங்கினாலும் ஒரு பொறுப்பு பெற்றோரைச் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே காட்டலாகாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது; அதிலும் குறைந்தால் நன்று. சோறூட்டுவதற்காகக் குழந்தையின் முன் பலகையை நிறுத்திவைக்கும் தாய்மார்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கும் வசதி முக்குடும்பக் கருவிகளிலும் உண்டு. கருவியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் அதைச் செய்துவிடுங்கள். கொடுத்த பின் பிடுங்குவதைவிட அது எளிது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது நொடி பார்க்கப் பழக்குவது கண்களுக்கு ஓய்வு தரும். உறங்கும் அறையில் இரவில் கருவி இருக்க வேண்டாம், கூடத்தில் மின்னேறட்டும்.

ஆலன் கே 1972இல் கண்ட கனவில் பலகைக் கணினி வேடிக்கை காட்டும் பெட்டியன்று. சிறுவன் தானே எழுதவும், வரையவும், எண்ணிப் பார்த்து ஒன்றைப் படைக்கவும் துணைநிற்கும் ஏடு அது. அவர் கண்ட கருவியின் உடல் இன்று நம் கைக்கு வந்துவிட்டது. வாங்கிய முதல் வாரத்திலேயே பிள்ளையோடு அருகில் அமருங்கள். ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பாட்டியிடம் ஒரு கதை கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளியூரிலுள்ள வாப்பாவுக்குத் தமிழில் ஒரு மடல் எழுதச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு மட்டுமே அன்று, செய்வதற்கும் இக்கருவி உதவும் என்பதை அது அப்போதே கற்றுக்கொள்ளும்.